கொண்டைக்குள் கிடந்த நாலு மாத்திரை

ராஜம்மாவின் விரலில் ஏதோ பிசுபிசுத்தது.

பெரியநாயகியின் கொண்டைக்குள் விட்ட கை அப்படியே நின்றது. தேங்காயெண்ணெயும் வியர்வையும் ரப்பர் ஒட்டுப்பால் நாற்றமும் ஊறிய முடி. அதற்குள் ஈரமாய், கொழகொழவென்று ஒரு துணி முடிச்சு.

மலாயாவில், ஜாசின் பக்கத்து ரப்பர் தோட்டம் அது. முள்வேலி வாசலில், சாக்குத் திரைக்குப் பின்னால், பால்வெட்டப் போகும் பெண்களைத் தடவிச் சோதிப்பதுதான் ராஜம்மாவின் வேலை. அவசரகாலச் சட்டம். ஒரு பிடி அரிசியோ ஒரு பொட்டலம் மருந்தோ வேலியைத் தாண்டினால் காட்டிலிருக்கும் கம்யூனிஸ்ட்காரர்களுக்குப் போய்ச் சேர்ந்துவிடுமாம்.

அக்குள், ரவிக்கை, மடி, கொண்டை. எட்டு மாதமாக இதே பிழைப்பு. கார்பாலிக் சோப்புப் போட்டுத் தேய்த்தாலும் சோற்றில் கை வைக்கும்போது ஊரார் உடம்பு நாறும். அவள் தொட்ட இடத்தைப் பெண்கள் முந்தானையால் துடைத்துக்கொண்டு போவார்கள். சிலர் காறித் துப்பிவிட்டும் போவார்கள்.

முடிச்சை அவிழ்த்தாள்.

நாலு மாத்திரை. வெற்றிலை எச்சில் பட்டுச் சிவந்து, ஓரமெல்லாம் கரைந்து, ஒன்றோடொன்று ஒட்டிக் கிடந்தன. வாயில் ஒதுக்கி வைத்துத் துப்பியவை.

துணியைத் திரையோரத்து வெளிச்சத்தில் பிடித்தாள்.

பென்சிலின் என்று பார்த்ததுமே தெரிந்துவிட்டது. பெரியநாயகியின் கணுக்காலில் பால்வெட்டுக் கத்தி பட்டுச் சீழ் பிடித்ததற்காக, மலாக்கா டாக்டர் முந்தாநாள் எழுதிக் கொடுத்தது. ஒரு நாளைக்கு நாலு வேளை, ஏழு நாளைக்கு.

தோட்டத்து ஆஸ்பத்திரியில் மருந்து கொடுக்கும் டிரஸர் தங்கையா, ராஜம்மாவின் காதுபடவே படித்துப் படித்துச் சொல்லியிருந்தார். வீக்கம் வடிந்தாலும் நிறுத்தக் கூடாது. ஒரு வேளையும் தவறக் கூடாது. ஒருத்திக்கு எழுதினதை இன்னொருத்தர் தின்னக் கூடாது. பாதியில் விட்டால் கிருமி திரும்பவும் கிளம்பும், ரத்தத்தில் ஏறினால் ஆளையே கொண்டுபோய்விடும். அதற்காகத்தான் ஒவ்வொரு வேளையும் தன் கண்ணெதிரிலேயே விழுங்க வைத்தார்.

விழுங்கியதாக அவர் நம்பியிருக்கிறார்.

ராஜம்மா குனிந்து பெரியநாயகியின் சேலையை விலக்கினாள். கட்டுத் துணி மஞ்சளாய் நனைந்து காலோடு ஒட்டியிருந்தது. செத்த எலியின் நாற்றம். சிவப்பு முழங்காலைத் தாண்டி ஏறிவிட்டிருந்தது. தொட்ட இடம் கொதித்தது.

பெரியநாயகி அவள் கையைப் பிடித்துக்கொண்டு காதோரம் குழறினாள்.

"விட்டுருங்கக்கா. அவனுக்குத்தான். குண்டு பட்ட தொட அழுவிப்போய் புழு நெளியுதாம். என் காலு தானா ஆறிரும்லா."

குழறல் எதனால் என்று ராஜம்மாவுக்குப் புரிந்தது. இடது கன்னம் புடைத்திருந்தது. இன்றைய காலை வேளை மாத்திரை இன்னும் வாயில்தான் இருக்கிறது.

என்ன இவ்வளவு நேரம் என்று வெளியிலிருந்து காவலர் மலாயில் சத்தம் போட்டார்.

சொன்னால் பெரியநாயகிக்குச் சிறை. சொல்லாமல் விட்டால், இன்னும் நாலைந்து நாளில் பாடை. அவளுடைய பிள்ளைகள் இரண்டும் இந்நேரம், வேலைக்குப் போகிறவர்கள் பிள்ளைகளை விட்டுப் போகும் ஆயாக்கொட்டகையில் தூங்கிக்கொண்டிருக்கும்.

துணியில் இருப்பதோ ஒரே ஒரு நாள் மருந்து. அதுவும் எச்சிலில் கரைந்த மிச்சம். புழு வைத்த தொடைக்கு அது எந்த மூலைக்கு?

ராஜம்மா பெரியநாயகியின் தாடையை இறுக்கிப் பிடித்தாள். இரண்டு விரலை வாய்க்குள் விட்டாள். சூடான எச்சில், பாக்குத் துகள், ஈறின் வழுவழுப்பு. கன்னத்துக்குள் கிடந்ததைத் துழாவி நாக்குக்குத் தள்ளினாள். தண்ணீர்ப் போத்தலைச் சாய்த்தாள்.

"முழுங்குடி."

பெரியநாயகி ஓங்கரித்தாள். கண்ணிலும் மூக்கிலும் ஒழுகியது. தொண்டை ஏறி இறங்கும்வரை ராஜம்மா பிடியை விடவில்லை. பிறகு வாயைத் திறக்கச் சொல்லி, நாக்குக்கு அடியிலும் பார்த்தாள்.

நாலு மாத்திரையையும் கீழே உதறிக் குதிகாலால் தேய்த்தாள். சேற்றில் கொஞ்ச நேரம் வெள்ளையாய்த் தெரிந்தது. இன்னும் தேய்த்தாள்.

ஒன்றுமில்லை என்று காவலருக்குக் குரல் கொடுத்தாள்.

திரையை விலக்கிக்கொண்டு போன பெரியநாயகி ஒருமுறை திரும்பிப் பார்த்தாள். மலத்தை மிதித்துவிட்டவள் தன் காலைப் பார்க்கிற பார்வை. நொண்டிக்கொண்டே ரப்பர் மரங்களுக்குள் போய்விட்டாள்.

ராஜம்மா அடுத்தவளைக் கூப்பிடாமல் நின்றாள்.

பெரியநாயகி பேர் சொல்லாமல் சொன்ன அவன், சிங்கப்பூரில் வேலை பார்ப்பதாக ராஜம்மா போலீசிடம் சொல்லி வைத்திருந்த அவளுடைய மகன், தொடையில் குண்டோடு காட்டுக்குள் கிடக்கிறான்.

மாத்திரை என்றாலே சின்னத்தம்பிக்குச் சிறு வயதிலிருந்து ஓங்கரிப்பு. வாழைப்பழத்துக்குள் பொதித்துக் கொடுத்தால்தான் விழுங்குவான்.