எதிர்வாதம்

“தெருக்குழாய் என் கடை வாசல்ல வரக் கூடாதுங்கறதுக்கு அஞ்சு காரணம் இருக்கு” என்று நிலைக்கண்ணாடியைப் பார்த்து முழங்கிய ஜெய்னுலாபுதீன், மூன்றாவது காரணத்தில் முழித்தார்.

பிரெஞ்சுக்காரர்கள் கப்பலேறி மூன்று வருஷமாகிவிட்டது. ஆனாலும் திருமலைராயன்பட்டினத்து நகரசபைக்கு இன்னும் மேரி என்றுதான் பெயர். அந்த மேரி, தெருவுக்கு ஒரே ஒரு தண்ணீர்க் குழாய் தருவதாக இருந்தது. அதை ஜெய்னுலாபுதீனின் மளிகைக் கடை வாசலில் வைப்பதா, எதிரே வைத்தியலிங்கத்தின் காபிக் கடை வாசலில் வைப்பதா என்று வெள்ளிக்கிழமை கூட்டத்தில் முடிவாகும். சேறு, சண்டை, வாசலை அடைத்துக் குடவரிசை. எந்த வியாபாரிதான் சம்மதிப்பான்?

எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்த மனைவி கைருன்னிஸா, “நல்லாத்தான் பேசுறீங்க. ஆனா வைத்தியலிங்கம் எந்திரிச்சு எதுத்துப் பேசினா என்ன செய்வீங்க?” என்றாள்.

அதை அவர் யோசிக்கவே இல்லை.

“அவரு மாதிரி நான் பேசுறேன். நீங்க மடக்குங்க.”

அன்று முதல் மதியச் சாப்பாடு முடிந்ததும் வீட்டிலேயே கூட்டம் நடந்தது. குழாய்க்கு வருகிற பெண்கள் உப்பு, புளி வாங்காமலா போவார்கள் என்று முதல் நாள் கேட்டாள். சுலபமாக மடக்கிவிட்டார். மூன்றாம் நாள், தான் வைத்தியலிங்கம் என்பதையே மறந்துவிட்டாள்.

“காபிக் கடை மேட்டுல இருக்கு. அங்க வச்சா பாதி நேரம் காத்துதான் வரும். ஒரு குடம் நல்ல தண்ணிக்கு நாங்க பெரிய குளம் வரைக்கும் நடக்குறோம். ஏழு மாசப் புள்ளத்தாச்சி செல்லக்கண்ணு போன மாசம் படியில வழுக்கி விழுந்தா. குடம் ஒடஞ்சதோட போச்சு. வாசல் சேறாயிடும்ங்கறீங்க. எங்க கால்ல ஒட்டியிருக்குற சேத்த என்னைக்காச்சும் பாத்தீங்களா?”

ஜெய்னுலாபுதீன் அதையே இன்னொரு தரம் சொல்லச் சொன்னார். பதில் கண்டுபிடிக்க வேண்டுமே. வியாழக்கிழமைக்குள் ஆறு தரம் சொல்லிவிட்டாள்.

வெள்ளிக்கிழமை தொழுகை முடித்து, அத்தர் பூசிக்கொண்டு மேரிக்குக் கிளம்பினார். அவர் ஜெயித்து வரவேண்டும் என்று கைருன்னிஸா மனசார வேண்டிக்கொண்டாள். குடத்தைத் தூக்கியபோது அவளுடைய இடுப்பு மட்டும் வேறு மாதிரி வேண்டிக்கொண்டது.

மாலையில் செல்லக்கண்ணு வயிற்றைப் பிடித்துக்கொண்டு வந்தாள்.

“அக்கா, கொழா ஒங்க கடை வாசல்லதானாம்.”

கைருன்னிஸாவுக்குச் சிரிப்பு வந்தது. கூடவே கலக்கமும் வந்தது. ஆறு தரம் கேட்டும் பதில் கிடைக்காமல்தானே மனுஷர் போனார்? அதையே வைத்தியலிங்கமும் கேட்டிருந்தால், நாலு பேர் நடுவே எப்படித் திணறியிருப்பாரோ. இஞ்சி தட்டி டீ போட்டு வைத்தாள்.

வந்தவர் தொப்பியைக் கழற்றிவிட்டு, சுவரைப் பார்த்து உட்கார்ந்தார். டீயை நீட்டினாள்.

“விடுங்க. வைத்தியலிங்கம் பேச்சுல கெட்டிக்காரரு. எல்லாரும் அவரு பக்கம் சாஞ்சிருப்பாங்க.”

“அவரு வாயே தெறக்கலையே.”

“பின்ன யாரு ஒங்கள எதுத்துப் பேசுனது?”

ஜெய்னுலாபுதீன் ஒரு வாய் டீ குடித்தார்.

“மொத ஆளா என்னத்தான் கூப்புட்டாங்க. எந்திரிச்சு வாயத் தெறந்தா, வந்ததெல்லாம் நீ பேசுனதுதான். முடிச்சுட்டுத் திரும்பிப் பாக்குறேன், வைத்தியலிங்கம் கண்ணத் தொடச்சுக்கிட்டுக் கை தட்டுறாரு.”