டாட்டா சதை

"அறுபத்தி நாலு வயசுல கைய அழகு பண்ணப் போறாளாம்! புருஷன் எல்லாத்தையும் மறந்துபோய்த் தூளியில கெடக்குறாரு, இவளுக்கு கார்னிவல் கேக்குது!"

சொன்னது எதுத்த வீட்டு சுலெய்டி. அவ மூக்கே ஆபரேஷன் மூக்குதான். அதப் பண்ணின புதுசுல மாதா கோயில் சாம்பிராணிப் புகைக்குத் தும்மல் வந்துருச்சு. மூக்கு கழண்டு விழுந்துருமோன்னு ரெண்டு கையாலயும் பொத்திக்கிட்டு ஓடினா பாருங்க... சரி, அது வேற கதை. சுலெய்டி திட்டின நெயுசாகிட்ட வரேன்.

நெயுசா முன்னாடி நல்ல குண்டு. வயித்தச் சின்னதாக்கித் தைச்ச பிறகு ஆளு பாதியாயிட்டா. தோலு மட்டும் பழைய ஆளுக்கு அளவெடுத்த மாதிரியே தொங்குச்சு. மேல்கைக்கு அடியில தொங்குறத பிரேசில்ல எங்க ஒலிண்டா ஊருல டாட்டா சதைன்னுதான் சொல்லுவோம். நாம கையாட்டி நிறுத்தினாலும், அது பாட்டுக்கு டாட்டா காட்டிக்கிட்டே இருக்கும்.

கையில்லாத கவுனு போட்டு, எங்க ஊரு ஆட்டத்துக்குப் பிடிக்கிற சின்னக் குடையத் தூக்கிக்கிட்டு, கார்னிவல் திருவிழாவுல மேட்டுத்தெரு பூரா ஆடணும். அதான் அவ ஆசை. டாக்டருக்குப் படிக்கிற பசங்க இருக்குற ஆஸ்பத்திரியில, அந்தச் சதைய வெட்டி எடுக்கப் பேரு எழுதி வச்சு, வருஷக்கணக்கா காத்துக் கெடந்தா. ஒருவழியா கூப்பிட்டாங்க.

அவ புருஷன் அடெர்பால் படகுக்காரரு. ஒரு காலத்துல அலையப் பாத்தே மழை சொல்லுவாரு. எங்க கல்யாணத்தன்னைக்கும் சொன்னாரு, யாரு கேட்டா? கேக்கு நனைஞ்சு கஞ்சியாப் போச்சு. இப்ப அவருக்குப் பொண்டாட்டி மூஞ்சியே தெரியல. "அம்மா, எம் பொண்டாட்டிய பாத்தீங்களா?"ன்னு நெயுசாகிட்டயே கேப்பாரு.

அவ ஆஸ்பத்திரியிலேருந்து வந்த அன்னைக்கு மத்தியானம் நானும் சுலெய்டியும் சூப் எடுத்துக்கிட்டுப் போனோம். வலது கை இறுக்கமான உறைக்குள்ள கொம்பு மாதிரி இருக்கு. இடது கை? பழையபடி தொளதொளன்னு தொங்குது.

சுலெய்டி கத்திட்டா. "அடிப்பாவி! ஒரு கையோட விட்டுட்டானுங்களா? பாதியில சாப்பிடப் போயிட்டானுங்களா?"

"நாந்தான் போதும்னேன். டாக்டரம்மா ரெண்டு கையிலயும் ஊதாப் பேனாவால கோடு போட்டுட்டுப் போனாங்க. இடது கைக் கோட்ட எச்சி தொட்டு அழிச்சுட்டேன். திரும்பி வந்து பாத்துட்டு அந்தம்மா தலையில கைய வச்சுக்கிட்டாங்க."

"பயந்துட்டியா?"

"பயமா? அந்த மயக்கம் என்னா சொகம் தெரியுமா? தண்ணி மேல படுத்திருக்கேன். படகு தானா போகுது. கரையில யாரோ நிக்கிறாங்க, மூஞ்சி தெரியல. கையாட்டுறேன், ஒரு கை மட்டும் கனமே இல்லாம காத்துலயே மெதக்குது..." கண்ணு சொருகிப் பேசினா. மருந்து இன்னும் முழுசா எறங்கல போல.

"அப்ப ஒத்தக் கையாலதான் ஆடப்போற. இன்னொரு கையப் பையில போட்டு எடுத்துக்கிட்டு வா!"

"குடை பிடிக்க ஒரு கை போதாதாடி?"

வெளியில எங்கயோ கார்னிவலுக்கு மேளம் பழகிக்கிட்டு இருந்தாங்க. கடக்காத்து வந்து ஜன்னல் துணியத் தூக்கித் தூக்கிப் போட்டுச்சு. வீடே படகு மாதிரி ஆடுறாப்புல இருந்துச்சு எனக்கு.

அடெர்பால் படுத்திருந்த துணித்தூளி கிரீச்சுன்னுச்சு. பக்கத்துல நின்ன நெயுசாவோட அக்கா மவ மெதுவா சொன்னா: "நீ போனதுலேருந்து சித்தப்பா பொட்டுத் தூக்கம் தூங்கலை சித்தி. நான் பக்கத்துல உக்காந்தா, கையத் தொட்டுப் பாத்துட்டுத் தள்ளிவிட்டுர்றாரு."

அடெர்பால் நெயுசாவ அண்ணாந்து பாத்தாரு. "அம்மா, எம் பொண்டாட்டிய பாத்தீங்களா?"

அவ முக்காலிய இழுத்துப் போட்டு, இடது தோள் தூளிப் பக்கமா வர்ற மாதிரி உக்காந்தா.

அவரு கை காத்துல தடவிக்கிட்டே வந்துச்சு. அந்தத் தொளதொள சதையத் தொட்டுச்சு. பச்சப்புள்ள மாதிரி கொத்தாப் பிடிச்சு, மெதுவா பெசஞ்சுச்சு. கண்ணு தானா மூடிக்கிச்சு.

சுலெய்டி கையில சூப்பு ஆறிக்கிட்டே இருந்துச்சு.

"வந்துட்டியா நெயுசா"ன்னாரு அடெர்பால்.