அரை அங்குலம்

"உயரம் முப்பத்துநாலு அங்குலத்துக்குள்ள இருந்தா அஞ்சு லட்சம். கொஞ்சம் கூடினாலும் அது குள்ளக்குதிரை இல்ல, வெறும் மட்டக்குதிரை. என் பார்ட்டி வாங்க மாட்டார்" என்றபடி அளவுகோலை நிமிர்த்தினார் தரகர்.

குதிரை நாய்க்குட்டி மாதிரி அவர் சட்டைப் பையை மோப்பம் பிடித்தது.

"ஆடாம நில்லுடா" என்று அதன் கழுத்தைப் பிடித்துக்கொண்ட கணவனுக்கு வேர்த்துக் கொட்டியது. தீவனச் செலவு கட்டுப்படியாகவில்லை, விற்றுத் தொலையுங்கள் என்று ஒரு மாதமாக நச்சரித்த மனைவி, வாசலைத் தாண்டி வரவே இல்லை.

"முப்பத்துநாலரை" என்று உதட்டைப் பிதுக்கினார் தரகர்.

"இன்னொரு தடவை பாருங்களேன்" என்றான் கணவன்.

மறுபடியும் அதே அரை அங்குலம்தான் கூடியது.

"அழகுக்குக் குறைச்சலே இல்ல சார். ஆனா, மார்க்கெட்ல உயரத்துக்குத்தான் விலை" என்று கிளம்பிப் போனார் தரகர்.

"விடுங்க, மனசைப் போட்டு அலட்டிக்காதீங்க" என்றாள் மனைவி, வீட்டுக்குள் வந்த கணவனிடம்.

அப்போது கணவனின் போன் அடித்தது. அவள் எடுத்து ஸ்பீக்கரில் போட்டாள்.

"சார், குளம்பு வெட்டுறவன் பேசறேன். அளந்து முடிச்சப்புறம் வந்தா போதும்னீங்களே, இப்ப வரட்டுமா? ரெண்டு மாசமா வளர்ந்து கிடக்கு. வெட்டினா முக்கால் அங்குலம் குறைஞ்சிடும்."

கணவன் தலையைக் குனிந்துகொண்டான்.

அவனை ஒரு முறை முறைத்தவள், ஜன்னல் வழியே எட்டிப் பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்தி போனில் சொன்னாள்:

"இப்ப வந்துடாதீங்க. தரகர் கார் இன்னும் தெருமுனையிலதான் நிக்குது!"