மேட்டுத் தெருவில் பூக்குப்பை

மெல்போர்னில் சோபாவில் சாய்ந்தபடி தாமோதரன் மன்னார்குடி மேட்டுத் தெருவைப் பெருக்கிக்கொண்டிருந்தான். வெளிநாடு போன தெருக்காரர்கள் காசு போட்டு ஊருக்கு வாங்கிக்கொடுத்த துப்புரவு வண்டி அது. ஆளுக்கொரு நாள், இருந்த இடத்திலிருந்தே கைபேசி வழியாக ஓட்டுவார்கள். இன்று அவன் முறை.

திரையில் தெரு நெடுகச் சாமந்தியும் ரோஜா இதழும் சிதறிக் கிடந்தன.

"எவன் வீட்டுச் சாவோ! பொணத்தத் தூக்கிட்டுப் போறப்பகூடத் தெருவ நாறடிக்காம விடமாட்டானுங்க" என்றான்.

"இந்த ஜனங்க திருந்தாது, தாமு. இதுக்குத்தான நாம கெளம்பி வந்தோம்?" என்றார் டல்லாஸிலிருந்து அதே காட்சியைப் பார்த்துக்கொண்டிருந்த தெருக்காரர் குணசீலன்.

போன மாதம் இதே பேச்சு வந்தபோது, "இங்க வந்து எங்களோட இருந்துட்டுப் பேசு" என்று தெருக்காரர்களின் வாட்ஸ்அப் குழுவில் எழுதியவன், ஊரிலிருந்த தாமோதரனின் சொந்தத் தம்பி பழனிவேல். தாமோதரன் அவனைக் குழுவை விட்டு நீக்கியதோடு, அவன் எண்ணையும் தடுத்துவைத்தான்.

தெருக்கோடியிலிருந்து ஓர் இதழ் விடாமல் வாரிக்கொண்டு வந்த வண்டி ஒரு வாசலுக்கு முன்னால் வந்தது. பூ அதற்கு அப்பால் இல்லை. அது அவன் வீட்டு வாசல்.

படியில் ஈர வேட்டியோடு, மொட்டைத் தலையோடு பழனிவேல் உட்கார்ந்திருந்தான். வண்டியைப் பார்த்ததும் எழுந்து குறுக்கே வந்து நின்று கும்பிட்டான்.

"யாரு ஓட்டுறீங்கன்னு தெரியல. இந்த வாசல்ல கெடக்குறத மட்டுமாவது விட்டுடுங்க. எங்க அண்ணன் வந்தா, அப்பா போன வழியக் காட்டணும்."

தாமோதரன் வண்டியைப் பின்னால் திருப்பிப் பார்த்தான். தெருக்கோடி வரை ஓர் இதழ்கூட இல்லை.

குழுவில் குணசீலன் எழுதியிருந்தார்: "சூப்பர் தாமு! நம்ம தெருவான்னே தெரியல."