சிரித்தால் திறக்கும் கதவு

தோக்கியோ புறநகர் ரயில் நிலையத்தின் நுழைவுக்கதவு தாமரைச்செல்வியை மட்டும் உள்ளே விடவில்லை. அவளுடைய கணவன் இறந்துவிட்டதாக ஆஸ்பத்திரியிலிருந்து அப்போதுதான் போன் வந்திருந்தது. யாரும் தண்டவாளத்தில் குதித்துவிடக் கூடாதென்று, துக்கம் தெரியும் முகங்களுக்கு அந்தக் கதவு திறக்காது.

"மன்னிக்க வேண்டும். லேசாகச் சிரித்தால் திறந்துவிடும்" என்று ஊழியர் இடுப்பு வளையக் குனிந்தார்.

முன்னாலேயே உள்ளே போய்விட்ட அண்ணன் அவசரப்படுத்தினான். "சிரிச்சுத் தொலையேன்மா. ரயில் வந்துடுச்சு."

"அவரு அங்க செத்துக் கெடக்காரு. நான் இங்க பல்லைக் காட்டணுமா?" என்று கதவை எட்டி உதைத்தாள்.

கதவு உடனே திறந்தது. கோபத்துக்கு அங்கே தடையில்லை.

உள்ளே காலெடுத்து வைக்கும்போதுதான் பார்த்தாள். கதவின் அடிப்பக்கம் முழுக்கச் செருப்புத் தடங்கள் இருந்தன.