இது யார் மாதிரி?

சுமன் வீட்டில் அவன் கிட்டாரை மடியில் வைத்துக்கொண்டு, சுவருக்கு அந்தப் பக்கம் ஜீவராணி வருகிற சத்தத்துக்காகக் காத்திருந்தேன்.

ஜீவராணி என் மனைவி. மலையில் தேயிலைக் கொழுந்து பறிக்கிறவள். நான் கிட்டார் கம்பி வாங்க ஹட்டனுக்குப் போயிருப்பதாக நினைத்துக்கொண்டு, மலைத் தண்ணீர் விழுகிற பீலிக்குக் குடத்தோடு போயிருக்கிறாள்.

உண்மையில் போகத்தான் இருந்தேன். அவள் குடத்தோடு இறங்கிய பிறகு பக்கத்து வீட்டுச் சுமன் சாவியோடு வந்தான். கொழுந்து லொறி ஓட்டுகிறவன். அவசரமாகப் பொகவந்தலாவைக்கு அக்கா வீட்டுக்குப் போகிறானாம், கோழிகளுக்குத் தண்ணீர் வைக்க வேண்டுமாம். சாவியை வாங்கினேன். ஹட்டன் பயணத்தை அந்த நிமிடமே கைவிட்டேன்.

எல்லாம் போன ஞாயிற்றுக்கிழமை வந்த வினை.

தோட்டத்து வரிசை வீடுகளான எங்கள் லயத்தில் என் வீட்டுக்கும் சுமன் வீட்டுக்கும் நடுவில் ஒரே சுவர். அதுவும் கூரையைத் தொடாது. அவன் பக்கம் மிளகாய் வறுத்தால் எங்கள் பக்கம் இருமுவோம். போன ஞாயிறு சுமன் கிட்டாரைத் தடவிக்கொண்டிருந்தான். ஜீவராணி அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள். நிமிராமலே சொன்னாள்.

"சுமனுக்கு இன்னிக்கு மனசு சரியில்ல போல."

எனக்கு வயிறு எரிந்தது. பதினொரு வருடமாக அவளோடு ஒரே வீட்டில் கிட்டார் வாசிக்கிறவன் நான். என் மனசு சரியாக இருக்கிறதா இல்லையா என்று அவள் ஒரு நாளும் சொன்னதில்லை.

அதுவும் சும்மா வாசிப்பு இல்லை. நுவரெலியாவில் ஓட்டல் வேலை பார்த்த காலத்தில் பிடித்த ஹார்ட் ராக் பைத்தியம். எலக்ட்ரிக் கிட்டார், சத்தம் கூட்டுகிற சின்ன ஆம்ப், சத்தத்தைக் கரகரப்பாக்கக் காலால் மிதிக்கிற பெட்டி, எல்லாம் வைத்திருக்கிறேன். யூடியூபில் பெரிய ராக் கிட்டார்க்காரர்களை ஒவ்வொருவராகக் கேட்டு, கேட்டதை அப்படியே விரலுக்குக் கொண்டுவந்துவிடுவேன்.

ஜீவராணிக்கும் சொல்லிக்கொடுத்தேன். பிளாக்மோர் என்றால் ஒவ்வொரு சுரமும் தனித்தனியாக, சீவி எடுத்த மாதிரி கூர்மையாக விழும். ஜிம்மி பேஜின் சத்தம் தடிப்பு. அங்கங்கே வழுக்குவார், வழுக்குவதும் அவருக்கு அழகுதான். பட்டன் போடாமல் சட்டை மாட்டிய ஆள் என்று அவளாகவே அவருக்கு ஒரு அடையாளம் வைத்துக்கொண்டாள். அங்கஸ் யங் கம்பியைப் பிடித்து உலுக்குகிற உலுக்கலில் சுரமே நடுங்கும்.

டோனி அயோமி கம்பிகளைத் தளர்த்திக் கட்டுகிறவர். சத்தம் பாரமாக இறங்கும். இளம் வயதில் தொழிற்சாலை மெஷினில் விரல் நுனி போனவர் என்று சொன்னபோது, நம்ம ஃபெக்டரி மாதிரி எடத்துலயா என்று கேட்டாள். அதற்குப் பிறகு அயோமியை அவள் ஒரு தடவையும் தவறவிட்டதில்லை.

வாசித்து முடித்ததும் கேட்பேன், இது யார் மாதிரி? அவள் பெயரைச் சொல்வாள். பத்துக்கு ஒன்பது சரியாக இருக்கும். அன்றைக்கு முழுவதும் எனக்குத் தலைகால் புரியாது.

சுமனுக்கு இதெல்லாம் ஒன்றும் தெரியாது. பிளாக்மோர் என்றால் எந்த நாட்டுக்குக் கிரிக்கெட் ஆடுகிறவர் என்று என்னிடமே கேட்டவன். அவன் கிட்டாரில் ஆறாவது கம்பி அறுந்து ஒரு வருடம் ஆகிறது. கம்பிகளைச் சேர்த்து அமுக்குகிற கோர்டு மூன்றுக்கு மேல் வராது. அவனாகக் கட்டிய ஒரு மெட்டைத்தான் திரும்பத் திரும்ப வாசிப்பான். அந்த ஐந்து கம்பியில் இவளுக்கு அவன் மனசு கேட்கிறதாம்.

குடம் இறக்கும் சத்தம். வந்துவிட்டாள்.

வாசிக்க ஆரம்பித்தேன். சுமனின் மெட்டு, சுமனின் மூன்று கோர்டு. அவன் தடுமாறுகிற இடத்தில் நானும் தடுமாறினேன். பிளாக்மோரையே பிடித்தவனுக்கு ஒரு லொறிக்காரன் எம்மாத்திரம். இன்றைக்குச் சுமனுக்கு என்ன மனசு என்று சொல்லட்டும், நானும் கேட்டுக்கொள்கிறேன்.

அந்தப் பக்கம் நடமாட்டம் நின்றது. அசையாமல் கேட்கிறாள். நான் இல்லாத நேரத்தில் அவனை இப்படித்தான் நின்று கேட்பாள் போல. எனக்கு இன்னும் எரிந்தது. மெட்டு முடிகிற வரைக்கும் அவள் வாயைத் திறக்கவில்லை.

"என்னங்க, ஹட்டனுக்குப் போகலையா?"

அதிர்ந்துகொண்டிருந்த கம்பிகளை உள்ளங்கையால் அமுக்கினேன்.

கேட்காத மாதிரி இருந்துவிடலாமா என்று பார்த்தேன். முடியவில்லை. எப்படித் தெரியும் என்று சுவரைப் பார்த்துக் கேட்டேன்.

"கொழுந்தக் கொட்டுனாலே அது யாரு கைன்னு சொல்லிருவேன், இது தெரியாதா? முடிக்கிற எடத்துல நீங்க எப்பவும் அவசரப்படுவீங்க." குடத்தை நகர்த்தி வைத்துவிட்டு, "அது சரி, யாரு மேல இம்புட்டுக் கோவம்?" என்றாள்.

எனக்குப் பதினொரு வருடமாக அவள் சொன்ன பெயர்கள்தான் வரிசையாக ஞாபகம் வந்தன.

"அப்ப இத்தன நாளும் பிளாக்மோரு, பேஜுன்னு சொன்னியே?"

"நீங்க யாரு மாதிரின்னுதானங்க கேட்டீங்க. யாருன்னு ஒரு நாளும் கேக்கலையே."