ஒரு மணி நேரம்

"போன வாரம் இவர் கூலிக்கோ சம்பளத்துக்கோ ஒரு மணி நேரமாவது வேலை பார்த்தாரா?" படிவத்தைப் பார்த்துக் கேட்டார் ஆராய்ச்சி நிறுவனத்தின் கணக்கெடுப்பாளர்.

மனைவி சிரித்துவிட்டாள். "ஒரு மணி நேரமா? எட்டு மணிக்கு டிபன் பாக்ஸோட போனா ஏழு மணிக்குத்தான் வருவார். லீவுன்னாலே இவருக்கு ஆகாது."

கணக்கெடுப்பாளர் நிமிர்ந்து கணவனைப் பார்த்தார்.

"அதான் சொல்லிட்டாளே சார்" என்று அவன் அவசரமாக எழுந்து, அவரை வாசலுக்கு அழைத்துப் போனான்.

வெளியே வந்ததும் அவர் குரலைத் தாழ்த்தினார். "வேலைவாய்ப்பு அலுவலகத்துக்கும் நான்தான் கணக்கெடுக்கப் போறவன். மூணு மாசமா அங்க பெஞ்சுல உட்கார்ந்திருக்கறது நீங்கதானே?"

"கும்பிட்டுக் கேக்கறேன் சார், அவளுக்குத் தெரியாது."

"அதுக்காக நான் பொய் எழுத முடியாதே. போன வாரம் எதுவுமே செய்யலையா?"

"செவ்வாய்க்கிழமை ஒரு வீட்டுக்கு பீரோ தூக்கினேன். ஒரு மணி நேரம் இருக்கும்."

"கூலி குடுத்தாங்களா?"

"குடுத்தாங்க."

"அப்ப எங்க கணக்குப்படி நீங்க வேலையில இருக்கறவர். உங்க வீட்டுக்காரம்மா சொன்னது சரிதான்." டிக் அடித்துவிட்டு அடுத்த வீட்டுக்குப் போனார்.

"என்னங்க, என்ன எழுதிக்கிட்டாராம்?" உள்ளிருந்து மனைவி கேட்டாள்.

"வேலையில இருக்கேன்னு" என்றான், திரும்பிப் பார்க்காமல்.